பொருள் வருகிற நாள்

ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி திரும்புகிற முனையில் பல வருடங்களாகக் கொய்யாப்பழம் விற்று வந்தேன். அதற்கு முன் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். பட்டறையை மூடியபோது கையில் இருந்ததைப் போட்டுத் தள்ளுவண்டி வாங்கினேன். பத்தாவதோடு நின்றவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஆனால் எனக்குக் கூவி விற்க வராது. தெருவில் வாயைத் திறந்து 'கொய்யா' என்று கத்துவதை நினைத்தாலே காது சூடாகிவிடும். அதனால் அந்த முனைதான் எனக்கு எல்லாமே. அங்கே நின்றால் போதும், வாடிக்கைக்காரர்கள் தாங்களாகவே வருவார்கள். பழத்தைப் பிளந்து மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பேன். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பக்கத்துப் பூக்கடைக்காரம்மா என்னை 'ஊமைக் கொய்யா' என்றுதான் சொல்லும்.

போன மார்கழியில் வெளியூர் வேன்கள் அந்த முனையில் திரும்ப முடியாமல் வரிசையாக நின்றன. மறுவாரம் மாநகராட்சி லாரி வந்தது. வண்டி, குடை, தராசு, பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை.

மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் என் மனைவி துணைக்கு வந்து விசாரித்தாள். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "சித்திரை வீதியா? உங்க பொருள் செவ்வாய்க்கிழமை மாமன்றத்துக்கு வருது, அங்க போய்ப் பாருங்க" என்றார்.

பொருள் வருகிறதாம். இரண்டு நாள் தூக்கமே இல்லை. தராசை உடைத்திருப்பார்களோ, குடைக் கம்பி வளைந்திருக்குமோ என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு சாக்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு பெரிய மண்டபத்தின் மாடிக்கு அனுப்பினார்கள். கீழே கவுன்சிலர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பியூன் என் சாக்கைப் பார்த்தார்.

"என்னண்ணே, அரிசி போடறாங்கன்னு வந்துட்டீங்களா?"

"இல்லீங்க, என் பொருள் வருதுன்னாங்க."

"உக்காருங்க, கூப்புடுவாங்க" என்றார். அவரும் விஷயம் புரியாமல்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கீழே ஒருவர் ஒலிபெருக்கியில் கடகடவென்று படித்துக்கொண்டிருந்தார். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய். ஒவ்வொன்றும் முடிந்ததும், "நிறைவேற்றப்படுகிறது" என்றார்கள். மூச்சு விடும் நேரத்தில் ஒன்று முடிந்து அடுத்தது வந்தது. பிறகு, "அடுத்த பொருள், ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகள், தள்ளுவண்டிகள்" என்று கேட்டது.

நான் சாக்கோடு எழுந்து நின்றுவிட்டேன்.

கீழே தலைகள் திரும்பின. பியூன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அய்யோ, உக்காருங்க! இங்க பொருள்னா பேசப்போற விஷயம். உங்க வண்டியைத் தூக்கிட்டா வரப்போறாங்க?"

உட்கார்ந்தேன். சாக்கை மடித்துக் காலுக்கடியில் தள்ளினேன். வண்டி வரவில்லை. சித்திரை வீதிகளில் தள்ளுவண்டி வியாபாரத்தைத் தடை செய்யும் விதிதான் வந்திருந்தது. யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று கீழே ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

பின்வரிசைக் கவுன்சிலர் ஒருவர் எழுந்தார். "மேயர் அவர்களே, ஒரு சந்தேகம். அந்த வழியா வண்டியத் தள்ளிட்டுப் போறவன்கிட்ட ஒரு அம்மா பழம் கேட்டா அதுவும் குத்தமா? ஆபீசருங்க பின்னாடியே ஓடுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஓடினா அவங்களுக்கும் தொப்பை குறையும்" என்றார் இன்னொருவர். மறுபடி சிரிப்பு. மேயர் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் குனிந்து பேசினார். அந்த அதிகாரி, "'நிறுத்தி வைத்து விற்பனை' என்று சேர்த்துக்கொள்கிறோம்" என்றார். மேஜையைத் தட்டினார்கள். திருத்தத்துடன் நிறைவேறியது. ஒரு கொய்யாவை எடை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள். "பொருள் எங்கங்க?"

"பாஸ் ஆயிடுச்சு" என்றேன். அவள் வெறும் சாக்கைப் பார்த்தாள்.

அபராதம் கட்டி வண்டியை மீட்டோம். நல்லவேளை, தராசு உடைந்திருக்கவில்லை. பழம் மட்டும் அழுகியிருந்தது. வண்டியை எடுத்துக் கொடுத்த மாநகராட்சி ஆய்வாளரிடம் எப்படியோ வாய் திறந்தேன். "சார், விதியே இப்பத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே எப்படி எடுத்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அது போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு பழைய விதி. இது புதுசு."

"நிக்காம தள்ளிக்கிட்டே வித்தா?"

"எழுதினபடி பாத்தா தப்பில்ல. நின்னா எடுப்போம்."

ஆக, முனை போய்விட்டது. தெரு மட்டும் மிச்சம்.

முதல் நாள் சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றினேன். வாயை மூடிக்கொண்டே சுற்றினேன். யாருக்கும் தெரியவில்லை. நகர்கிற வண்டியைப் பார்த்தால், விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் என்றுதான் நினைப்பார்கள். சாயங்காலம் கூடை அப்படியே இருந்தது. பூக்கடைக்காரம்மா, "ஏன்யா, நீ என்ன சாமி புறப்பாடா போற? குரல் குடுய்யா!" என்று கத்தியது. அதன் கடை கட்டிடத்துக்குள் இருக்கிறது, அதற்கென்ன.

மறுநாள் காலை வடக்குச் சித்திரை வீதியில் ஆள் குறைவாக இருந்த இடமாகப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, "கொய்யா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் நாலு வீடு தாண்டி மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை குரல் உடைந்து, பள்ளிக்கூடப் பையன் குரல்போல் கீச்சென்று வந்தது. ஒரு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நிற்க முடியாததால் வெட்கப்படவும் நேரமில்லை. தள்ளினேன். "கொய்யா, கொய்யாப்பழம்."

ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. எத்தனையோ வருடமாக என் முனைக்கு வந்து வாங்கும் மாமி. "யாருப்பா அது, புதுசா இருக்கே குரல்?" என்றபடி வெளியே வந்து, என்னைப் பார்த்துத் திகைத்தார். "அடே, நீயா? உனக்குப் பேச வருமா? சித்த நில்லு, பழுத்ததாப் பாத்து எடுக்கணும்."

தெருக்கோடியில் ஆய்வாளரின் ஜீப் நின்றிருந்தது.

"நிக்கக் கூடாதுங்க மாமி. கூட நடந்து வாங்க."

மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியோடு நடந்தார். நடந்தபடியே ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்தார். தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது, முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. குத்துமதிப்பாக ஒரு பழம் கூடவே போட்டேன்.