முன்வாசலுக்கு அடித்த பலகை

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் ‘பலகை மாமா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது. மேசை நாற்காலி விற்கும் கடையின் கிடங்கில் அவருக்கு வேலை. சரக்கு வந்த பெட்டிகளின் பிளைவுட்டை வீட்டுக்குச் சுமந்து வந்து, அளவாக அறுத்து, புயல் வரும்போது கதவுக்கும் ஜன்னல்களுக்கும் மேல் வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு மூடுவார். மொத்தம் ஒன்பது பலகைகள். மற்ற நாளெல்லாம் அவை கட்டிலுக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். அவர்களோடு அதே வீட்டில் இருக்கும் நான் ஜுரத்தில் கிடந்தபோது எனக்கு ஒரு போர்வை மிச்சமில்லை. இதை நான் சாகும்வரை சொல்லிக் காட்டுவேன்.

எதிர்வீட்டுக்காரர் பார்சல் ஆபீசில் இருக்கிறார். புயல் என்றால் ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்பு டேப்பைப் பெருக்கல் குறிபோல ஒட்டுவார். ஐந்து நிமிட வேலை. பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து மாமாவை வேடிக்கை பார்ப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் சும்மா இருக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

“என்ன சார், வீட்டையே பார்சல் கட்டுறீங்க? எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?”

பலகையில் ‘உடையும் பொருள், இந்தப் பக்கம் மேலே’ என்று அச்சடித்திருந்தது, அதுவும் தலைகீழாக. தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள், அதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. “இந்த ஆள் வாசப்படிய மிதிச்சேன்னா என் பேர மாத்தி வச்சுக்கிறேன்!” என்று நடுத்தெருவில் நின்று கத்தினார்.

பன்னிரண்டு வருடமாக மாமாவின் முறை ஒன்றாகத்தான் இருந்தது. முதலில் முன்வாசல், அப்புறம் சுற்றிலும் ஜன்னல்கள், கடைசியில் பின்வாசல் வழியாக உள்ளே வந்து குறுக்குக் கட்டையைப் போட்டுவிடுவார். போன வருடம் அக்கா குறுக்கே வந்தாள்.

“இந்தத் தடவ பின்பக்கம் முதல்ல அடிங்க. போன தடவ நீங்க சமையக்கட்டுக்கு வர்றதுக்குள்ள மாவு டப்பா நனஞ்சு பசையாயிடுச்சு.”

சரியென்று பின்வாசலில் ஆரம்பித்தார். சாயங்காலம் நாலு மணிக்கு முன்வாசல் பலகைக்குக் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, வழக்கம்போல விசிலடித்தபடி பின்பக்கம் போனார். அங்கே பலகை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்து முன்வாசலைத் தட்டினார்.

“யாரு?” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

“நான்தான்டி.”

“வெளிய என்ன பண்றீங்க?”

“நீதான பின்பக்கம் முதல்ல அடிக்கச் சொன்ன!”

“அடிக்கத்தான் சொன்னேன். வெளிய நிக்கச் சொன்னேனா?”

டிரில்லில் சார்ஜ் தீர்ந்திருந்தது. சார்ஜர் அவர் பையில்தான் இருந்தது, ஆனால் தெருவில் கரண்ட் போய்விட்டது. கை ஸ்க்ரூடிரைவர் சமையலறையில் இருந்தது, குக்கர் கைப்பிடியை முறுக்க அக்கா எடுத்திருந்தாள். அதை வெளியே நீட்ட எங்கும் ஒரு இடுக்கு இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. நான் கதவைத் திறந்து பலகையைத் தோளால் இடித்துப் பார்த்தேன். “இடிக்காதடா! ஸ்க்ரூ பிடி போயிடும்!” என்று வெளியிலிருந்து அலறினார். இந்த மனுஷனை என்ன செய்வது?

அதற்குள் காற்று ஏறிவிட்டது. எங்கிருந்தோ ஒரு தகரம் பறந்து வந்து எங்கள் சுவரில் மோதியது. அக்காவின் குரல் மாறியது.

“எதிர்வீட்டுக்குப் போங்க.”

“செத்தாலும் போக மாட்டேன்.”

“செத்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?” என்று அழுதாள். அந்த மனிதரை எவ்வளவு திட்டினாலும், எங்களுக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

முன்வாசல் பலகையில் ஒரு பழைய ஆணி ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மாமா தலையில் கைவைத்துக் குனிந்தபடி தெருவைக் கடந்தார். பார்சல்காரர் கதவை ஒரு சாண் திறந்தார்.

“ஸ்க்ரூடிரைவர் இருக்கா?” என்றாராம் மாமா.

“கத்திரிக்கோல்தான் இருக்கு. உள்ள வாங்க. ஆனா ‘டேப்பே போதும்’னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க.”

மாமா திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. “டேப்பே போதும்.”

“காத்துல கேக்கல.”

“டேப்பே போதும் சார்!” என்று தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தி, வாசல்படியில் காலை வைத்தார்.

அந்த நொடியில் பார்சல்காரரின் கூடத்து ஜன்னல் உடைந்தது. கண்ணாடி நாலு பெரிய துண்டுகளாக, டேப்போடு சேர்ந்தே உள்ளே விழுந்ததாம். பார்சல்காரர் குனிந்து ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “டேப் விடல, பாத்தீங்களா?” என்றாராம். மாமாதான் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்து ஜன்னலில் சாத்தினார். காற்று அடங்கும்வரை இருவரும் அதில் முதுகைக் கொடுத்து மூன்று மணி நேரம் நின்றார்கள்.

“உங்ககிட்ட பலக ஏதாவது மிச்சமிருக்கா?” என்று நடுவில் மெல்லக் கேட்டாராம் பார்சல்காரர்.

“கட்டிலுக்கு அடியில ரெண்டு துண்டு இருக்கு. ஆனா வீட்டுக்குள்ளதான் போக முடியலயே.”

மறுநாள் மதியம் கரண்ட் வந்து, எதிர்வீட்டில் டிரில் சார்ஜ் ஏறிய பிறகுதான் எங்களுக்கு விடுதலை. அக்கா மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், அழுதாள், பிறகு நிறுத்த முடியாமல் சிரித்தாள். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அதை அவர் நாலு முறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது புயல் என்றால் இரண்டு வீட்டுக்கும் மாமாதான் பலகை அடிக்கிறார். ஸ்க்ரூடிரைவரை நூலில் கட்டி அக்கா அவர் கழுத்தில் மாட்டிவிடுகிறாள். பார்சல்காரர் பின்னாலேயே வந்து ஒவ்வொரு பலகையின்மேலும் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுகிறார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்.

தெரு அவருக்கு ‘டேப் மாமா’ என்று பெயரை மாற்றிவிட்டது. முதல் நாள் அடிக்கப் பாய்ந்தார். “மாத்திக்கிறேன்னு கத்துனது நீங்கதானங்க?” என்றாள் அக்கா. இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கூப்பிட்டால், கையிலிருக்கும் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, “என்ன?” என்கிறார்.