காலை உதைத்த பிரேக்

போன மாதம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கிளினிக் நடத்தப் போனோம். நான் டொக்டர். ஜீப்பை ஓட்டியவர் செல்வராஜ் அண்ணன். இருபது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். எங்கள் நிறுவனத்தில் சேர்ந்து அப்போது ஒரு மாதம்தான்.

ஜீப்பும் புதிது. அதாவது, கொழும்பு அலுவலகம் பத்து வருடம் ஓட்டித் தேய்த்த பிறகு எங்களுக்குப் புதிது. ஃபோர் வீல், ஏபிஎஸ் பிரேக்... பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் ஓர் இறக்கம். தார் என்றைக்கோ பெயர்ந்து, உதிரிக் கல் மட்டும் மிஞ்சிய ரோடு. வளைவில் திரும்பினால், கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் ரோடு முழுக்க!

அண்ணன் பிரேக்கை மிதித்தார். காலுக்கடியில் கடகடவென்று சத்தம். திடுக்கிட்டுக் காலை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி ஓடியது. ஸ்டியரிங்கை ஒடித்து, மண்மேட்டில் இடித்து நிறுத்தினார்.

வண்டி யார் மேலும் படவில்லை. ஆனால் விலகிக் குதித்த பார்வதி என்ற பெண் ரோட்டோர வடிகானுக்குள் விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

“பிரேக்கு காலைத் திருப்பி உதைச்சிச்சு டொக்டர். உடைஞ்சிருச்சுன்னு நெனச்சுத்தான் எடுத்தேன்” என்றார் அண்ணன்.

ஹட்டனில் கராஜ்காரர் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்.

அலுவலகம் என்னிடம் அறிக்கை கேட்டது. கண்ணால் கண்டதை எழுதினேன் — சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பொய் இல்லையே? அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குடித்திருந்தார் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அவர் குடிக்கவில்லை. பக்கத்திலிருந்த எனக்குத் தெரியும். அதை நான் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் போனது. வேறு சாரதி கிடைக்கவில்லை. நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போனேன்.

அதே இறக்கம். குறுக்கே ஒரு மாடு.

மிதித்தேன். பெடல் தையல் மெஷின் போல அதிர்ந்து, என் பாதத்தை மேலே தள்ளியது. கிர்ர்ர் என்று ஒரு சத்தம். என் கால் தானாக விலகிவிட்டது! மறுபடி மிதித்து, வண்டி ஒருவழியாக நின்றபோது, மாடு ஒரு கை தூரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாடு விலகும்வரை ஹாண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன்.

அடுத்த நாள் கராஜ்காரரை அந்த இறக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நான் தார் ரோட்டுலதான் ஓட்டிப் பார்த்தேன் டொக்டர். இது பிழை இல்லீங்க, சுபாவம். சக்கரம் இறுகாம இருக்க, பிரேக்கப் புடிச்சுப் புடிச்சு விடுது. ஈரத் தார்ல நல்லது. கல்லுல வண்டி லேசுல நிக்காது. பழைய வண்டி பாருங்க, உதைக்கவும் செய்யும். உதைச்சாலும் காலை எடுக்கக் கூடாது, அமுக்கியே புடிக்கணும். எறங்க முன்னாடியே கியரக் கொறைச்சிடணும்.”

இதை அண்ணனுக்கு யார் சொன்னோம்? சாவியைக் கொடுத்தோம். அவ்வளவுதான்.

புதிதாக ஓர் அறிக்கை எழுதி அனுப்பினேன். குடிக்கவில்லை என்பதையும் சேர்த்து. பிறகு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

“என்னை மன்னிக்க வேணும் அண்ணை. நீங்கள் சொன்னது உண்மைதான்.”

“எப்படித் தெரிஞ்சிச்சு?”

“எனக்கும் உதைச்சது.”



“உங்களை உதைக்காம இருந்திருந்தா?” என்றார் அண்ணன்.



அறிக்கையைப் பார்த்து அலுவலகம் திரும்ப அழைக்க, திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். முதல் வேலையாகப் பார்வதி வீட்டுக்கு ஜீப்பை விடச் சொன்னார்... இல்லை, சொல்லவில்லை, அவரே விட்டார். “உங்க மேல தப்பு இல்லீங்க” என்று பார்வதி சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

டெஸ்ட் எல்லாம் நோர்மல், ஆனால் வலிக்கிறது என்று சொல்லும் நோயாளிகளை நான் இப்போது சீக்கிரம் அனுப்பிவிடுவதில்லை.