மாரியாத்தாளுக்கு டாக்டர் சீட்டு

முதலில் வந்தது இடுப்புவலி. விடுதியில் பாயைச் சுருட்டக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம் அது. நான் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். பரீட்சைக் காய்ச்சல் என்று அறைத்தோழன் கிண்டல் செய்தான். மறுநாள் நிஜமான காய்ச்சலோடு எங்கள் ஊர் அரிமளத்துக்கு பஸ் ஏறினேன். நான்காம் நாள் நெற்றியில் முத்து (பெரியம்மைக் கொப்புளம்) போட்டது.

அம்மை கண்ட வீட்டுக்குள் டாக்டர் வரக்கூடாது. மருந்து கொடுத்தால் மாரியாத்தாளை விரட்டுவதாக அர்த்தம். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்குழையால் வருடிக்கொண்டிருந்தாள். அம்மை கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சுகாதார அதிகாரி விசாரிக்க வந்தபோது, பையன் பொன்னமராவதியில் மாமன் வீட்டில் இருக்கிறான் என்று அப்பா கூசாமல் சொல்லிவிட்டார்.

வலக் கண்ணிலும் ஒரு முத்து விழுந்தது. மூன்றாம் தண்ணீர் (அம்மை இறங்கியபின் தலைக்கு ஊற்றும் கடைசித் தண்ணீர்) ஊற்றி எழுந்தபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. பூ விழுந்துவிட்டது (கருவிழியில் படியும் வெள்ளைத் தழும்பு). அம்மாமேல் எனக்குக் கோபம். இத்தனை வருஷம் கழித்தும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உயிரோடு என்னை மீட்டவளும் அவள்தான் என்பதால் சண்டை போட வாய் வரவில்லை.

கல்லூரிக்குத் திரும்பினால் வருகை நாள் போதவில்லை. டாக்டர் சீட்டு இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது என்றார் முதல்வர். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். ஒரு வருஷம் தவறினால் அப்பா வயலுக்குக் கூப்பிட்டுவிடுவார். சீட்டுக்கு எங்கே போவது? என்னை எந்த டாக்டரும் பார்க்கவே இல்லையே!

டைபாய்டு என்று எழுதித் தர டவுனில் ஒரு டாக்டர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அதிகாரியிடம் சொன்ன பொய்யும் வெளியே வராது.

"டைபாய்டுன்னே இருக்கட்டும் தம்பி. ஆத்தா பேரை ஆபீசு ஆபீசா இழுக்காத, குத்தமாயிரும்" என்றார்.

"கண்ணக் குடுத்தவன் நானுப்பா. வேற பேருல எழுதி வாங்கமாட்டேன்" என்றேன். அப்பாவுக்கு எதிராக நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

தனியாகத்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாழ்வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து அங்கிட்டுப் போய் நின்றார். போகட்டும் என்று விட்டேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். "நான் பாக்காத நோய்க்கு நான் எப்புடிங்க சீட்டு எழுதுறது?" என்றார்.

சட்டையைக் கழற்றினேன். "நோயத்தான் பாக்கல. இதப் பாருங்க."

ஜன்னலருகே நிறுத்தி முகம், கை, முதுகு, உள்ளங்கால் என்று ஒரு இடம் விடாமல் பார்த்தார். கண்ணை மட்டும் நெடுநேரம் பார்த்தார். சீக்கிரமே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு எழுதினார்: தழும்புகள் புதியவை, பெரியம்மையால் வந்தவை, இந்த நிலையில் இருந்தவன் அந்த வாரங்களில் வகுப்புக்குப் போயிருக்க முடியாது.

முதல்வர் சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அனுமதி வந்தது.

படிக்கிற காலத்தில் படுக்கையில் விழுந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயை அதன் சொந்தப் பேரிலேயே எழுதி வாங்குங்கள். தப்பு செய்தவன்தான் பேரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பரீட்சை மண்டபத்தில்தான் என் புது உடம்பு எனக்குப் பிடிபட்டது. ஒற்றைக் கண்ணுக்கு எது எவ்வளவு தூரம் என்று தெரியாது. பேனா மைக்கூட்டுக்கு வெளியே மேஜையைக் குத்தியது. இடக்கை விரலைக் கூட்டின் விளிம்பில் வைத்துத் தொட்டுத் தொட்டு எழுதினேன். வரி நழுவும்; திரும்பத் தேடுவேன். மற்றவர்களின் மூன்று மணி நேரம் எனக்கு இரண்டுதான். அன்றிலிருந்து என் பொழுதே அப்படித்தான் ஓடுகிறது.

தேறினேன். மூன்றாம் வகுப்பு. இரண்டு கண்ணுள்ளவன் எவனாவது தன் முதல் வகுப்பை நீட்டினாலும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.