கொள்ளிக்கண் டீச்சர்

வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்த்துத் தாய்மாருக்கு யோசனை சொல்லும் வேலையில் முதலில் தேய்வது முட்டி, அப்புறம் வாய். எட்டாவதோடு படிப்பை விட்டு, என்னைப் போல இதில் வந்து மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

பாராட்டு

எண்பதுகளில் என்னை ஏற்காட்டு மலைக்குப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தாவிட்டாலும் அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான். "வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைப் பாராட்டுங்கள், தாய் மனம் திறப்பாள்" என்று பயிற்சியில் சொன்னார்கள். கண் படும் பயம் எங்கள் சேலத்திலும் உண்டுதான். ஆனால் படித்தவர்களை மறுத்துப் பேச எனக்குத் தைரியம் ஏது?

கரடியூரில் முதல் வீடு. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "அடடா, கொழுகொழுன்னு என்ன அழகு!" என்றேன். அந்தப் பெண் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குரல் மட்டும் வெளியே வந்தது: "ஏனுங்க டீச்சர், எம்புள்ள உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

திட்டு

அப்புறம் வழியை மாற்றினேன். எந்த வீட்டுக்குப் போனாலும் "ஐயே, எலிக்குஞ்சாட்ட இருக்குது, இதையா பெத்தே?" என்பேன். கதவெல்லாம் திறந்தது. உட்காரப் பாய் போட்டார்கள், கடுங்காப்பி கொடுத்தார்கள், நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருநாள் மேலதிகாரி அம்மா கூட வந்தார். நான் பேசியதைக் கேட்டு வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "ஏம்மா, ஊர்ப் பிள்ளைகளைத் திட்டறதுக்கா உனக்குச் சம்பளம்?"

உண்மை

செல்லம்மாள் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். அவளுடைய பெண் குழந்தை அந்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கில் வற்றிப்போனது. விலா எலும்பு தெரிந்தது, தொடையில் தோல் தொங்கியது. பதறிப்போய், "செல்லம்மா, பிள்ளை நொம்ப இளைச்சுப் போச்சு, ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. சாமி மேல் சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தாள். "போங்க டீச்சர், எம்புள்ள மேல உங்களுக்கு அத்தனை பாசம்!"

கண்

மறுவாரம் போனபோது குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி, "அடேயப்பா, பூசணிக்காயாட்ட உருண்டு கிடக்குதே! இப்படி ஒரு பிள்ளைய நான் பார்த்ததே இல்லை!" என்று கத்திவிட்டு, பஸ்சுக்கு வந்து நின்றேன்.

பஸ் வருவதற்குள் செல்லம்மாள் பிள்ளையோடு ஓடிவந்தாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டும் பிள்ளை கண் திறக்கவில்லையாம். பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கண்ணு வெச்சது நீங்க! நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி எம்புள்ளயக் காப்பாத்துங்க!"

வாய்

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். நானும் கூடவே கிடந்தேன். இடுப்புவலி எனக்கு மிச்சம். ஒரு காலையில் குழந்தை கஞ்சியைக் குடித்துவிட்டு என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வந்தேன். செல்லம்மாள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்: "டீச்சர், உங்க கால்ல உழுகறேன், வாயத் தொறக்காதீங்க!"

அதற்கப்புறம் என் தலை தெரிந்தாலே தேறின பிள்ளைகளை ஒளித்துவிட்டு, கண் பட இதில் என்ன இருக்கிறது என்று மெலிந்ததை மட்டும் தூக்கிவந்து காட்டினார்கள். எந்தப் பயிற்சியாலும் நடக்காத காரியம், எனக்குக் கொள்ளிக்கண் என்று பெயர் வந்ததும் நடந்துவிட்டது.