பாவா இருக்கக் கூடாத விரதம்

நோய் நீங்கியதற்கு நன்றியாக ஒருவர் மேற்கொள்ளும் விரதமே அவருடைய உயிரை வாங்கிவிடும் என்றால், அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது? எச்சரித்த டாக்டர் சென்னையில் இருந்தார். நேர்ந்துகொண்டவர், நான் பாவா என்று அழைக்கும் என் அக்காவின் கணவர். இரண்டு பக்கத்தையும் அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டப்படிப்பை முடித்து, திருத்தணியில் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஓய்வு நாட்களில் சுற்றுப்புற ஊர்களுக்குச் சென்று சுகாதாரம், கள்ளின் கேடு, வீண் நேர்ச்சைகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவேன். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

அக்காவைத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். சில ஆண்டுகளாகவே பாவாவின் கைகால்கள் தடித்துக்கொண்டு வந்தன. கல்யாண மோதிரத்தை ஆசாரி வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தாடை முன்னே நீண்டது, குரல் கனத்தது. "உங்களுக்குச் செருப்பு தெச்சா ஊருல வேற யாருக்கும் தோலு மிஞ்சாதுங்க" என்று செருப்புத் தைப்பவர் சொன்னதைப் பாவாவே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஓயாத தலைவலியைப் பற்றி மட்டும் அவர் சிரித்துப் பேசியதில்லை. இதையெல்லாம் நோய் என்று யாரும் எண்ணவில்லை. ஆளுக்குப் பலம் ஏறுகிறது என்றே நினைத்தோம்.

கோடையில் ஒரு காலை, கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தார். வாந்தி நிற்கவில்லை. இடக்கண்ணின் இமை விழுந்துவிட்டது. அதை விரலால் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மாடும் இரண்டாகத் தெரிவதாகச் சொன்னார். மணவூர் ஸ்டேஷன் வரை வண்டி கட்டி, அங்கிருந்து ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோனோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். மூளைக்கு அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் நெடுநாளாக வளர்ந்த கட்டிதான் கைகால்களைத் தடிக்கவைத்தது. இப்போது அந்தக் கட்டிக்குள்ளேயே திடீரென்று இரத்தம் கசிந்து, கண் நரம்புகளை அழுத்தியிருக்கிறது. "இந்தக் கசிவில் கட்டி செத்தது நல்லதுதான். ஆனால் சுரப்பியும் கூடவே செத்திருக்கும்போல் தெரிகிறது. உடம்பின் மற்றச் சுரப்பிகளை ஏவுவது அதுதான். இனி இவர் பட்டினியைத் தாங்க மாட்டார். வேளாவேளைக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுங்கள்" என்றார். அறுவைக்கு அவர் துணியவில்லை. கசிந்த இரத்தம் தானாகவே வற்றியது. இமை மெல்லத் திறந்தது.

ஊருக்குத் திரும்பிய பாவாவிடம் நல்ல மாறுதல்கள் தெரிந்தன. தலைவலி போயிற்று. விரல்களின் தடிப்பு இறங்கியது. முருகன் இறக்கிவைத்தான் என்றார்கள். வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததும், தாடி வளராமல் நின்றதும் அந்த மகிழ்ச்சியில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. "என் கத்திக்கு லீவு வுட்டுட்டீங்களே" என்று நாவிதர் கேலி செய்தார்.

ஆடி பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். உச்சிப்பொழுதில் பாவா போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. கை சில்லிட்டிருந்தது, நாடி மெலிந்து ஓடியது.

"காலையிலேர்ந்து இப்படியேதான் தூங்கிகினு கீறாரு" என்றாள் அக்கா.

"என்ன சாப்பிட்டார்?"

"விரதம்டா. ராத்திரிக்கு மட்டும் உப்பு இல்லாத சோறு. கண்ணு தெறந்தா கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கறேன்னு ஆஸ்பத்திரியிலயே வேண்டிகினாராம்."

நான் டாக்டரின் எச்சரிக்கையை நினைவூட்டினேன். பாவா கண்ணைத் திறக்காமலே பேசினார். "என் கண்ணத் தெறந்தது உங்க டாக்டரா? அவரு படம் புடிச்சாரு. அவ்ளோதான்."

இரத்தம் தானாகத்தான் வற்றியது என்பதும் உண்மை. வற்புறுத்திக் கஞ்சியைப் புகட்டினால், பிறகு எந்தத் துன்பம் வந்தாலும் அது தெய்வக் குற்றம் என்றே நம்புவார். அதற்குக் கழுவாயாக இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்பார். விட்டுவிட்டாலோ, கிருத்திகை வரை அவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எனவே சுரப்பியைப் பற்றி டாக்டர் கூறியது முழுவதையும் எளிய சொற்களில் சொன்னேன். கட்டி போனதும் சுரப்பி போனதும் ஒரே நிகழ்ச்சி என்றேன்.

பாவா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, "செரி, வேண்டிகினது இன்னா ஆவறது? நீ தூக்குவியா? ஊர் ஊரா போயி, காவடி எதுக்குடான்னு கேக்கறவன்தானே நீ?" என்றார்.

அவர் ஏளனமாகத்தான் கேட்டார். அக்கா அதை ஏளனமாக எடுத்துக்கொள்ளவில்லை. "வூட்டுக்காரருக்கு முடியலன்னா மச்சான் வாங்கிக்கலாம். நம்ம பக்கம் உள்ளதுதானே?" என்று என்னைப் பார்த்தாள்.

"தூக்குகிறேன்" என்றேன்.

"உப்பு இல்லாம?"

"உப்பு இல்லாமல்தான்."

"பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கடா, வாத்தியாரே."

"சிரிக்கட்டும், பாவா."

அக்கா அவர் கையிலிருந்த காப்பை அவிழ்த்து என் கையில் கட்டினாள். முடிச்சு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அவர் உப்புக் கஞ்சியை வாங்கிக் குடித்தார். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, மடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

ஆடிக் கிருத்திகையன்று பூக்காவடியுடன் திருத்தணி மலைப்படி ஏறினேன். என் பேச்சை முன்பு கேட்டிருந்த ஒருவர் கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா வாத்தியாரே, நேத்திக்கடனெல்லாம் வேணாம்னு சொன்னது நீங்கதானே?"

"ஆங், நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தேன். அதற்கு மேல் விளக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை.

பாவா அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் இருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். பழைய பலம் திரும்பவில்லை. ஆனால் எந்த விசேஷத்துக்காகவும் அந்த வீட்டில் அவரைப் பட்டினி போடவில்லை. ஊர்களில் நேர்ச்சையைக் கண்டித்துப் பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன். நோயாளி இருக்கும் வீட்டுக்குச் சென்றால், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பதற்கு முன், என்ன வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று கேட்கத் தொடங்கினேன்.