சுருதி சேராத சர்வர்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தின் சர்வர் கம்ப்யூட்டர்களை, பக்கத்து ஊரான வில்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்தே நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் அதைக் கண்காணிக்க ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. பெரிய மெஷின் செத்துக் கிடந்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை இது விழித்திருக்கும். கறுப்புத் திரையில் நான் ஒரு வரி தட்டினால் மெஷினை எழுப்பும், படுக்கவைக்கும், உள்ளே எவ்வளவு சூடு, விசிறிகள் என்ன வேகம் என்று ஒப்பிக்கும். சீசனில் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது இதைவிடப் பெரிய உபகாரம் எனக்கு வேறில்லை.

பழைய சர்வர் அறை மழைக்கு ஒழுகியதால், மெஷின்களை இசைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். அன்று பிடித்தது எனக்குச் சனி. பாட்டு டீச்சர் யாரிடம் பேசினாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். அடிக்கடி போன் வரும்.

"ஏம்மா, உன் மெஷின் இன்னைக்கும் என் பியானோவ மதிக்கல."

பொறுக்க முடியாமல் சத்தம் குறைந்த விசிறிகள் வாங்கித்தரச் சொன்னேன். மதுரையிலிருந்து ஒருவர் வந்து மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன். கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சி நெருங்கிவிட்ட நேரம்.

"கேளு," என்று டீச்சர் போனைச் சுவரில் வைத்தார்.

ஊ... என்று மெல்ல எழும்பி, உச்சிக்குப் போய், அடங்கியது. ஒரு மூச்சு விட்டு மறுபடியும் ஊ...

என் கணவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "யார் வீட்டு நாய் இப்படி ஊளையிடுது?"

"நாயில்லீங்க, சர்வர்."

"பசியா இருக்கும்," என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"பாட்டுல பிள்ளைங்க கீழ இறங்கணும்னா இது மேல ஏறுது. அதுங்களும் இது பின்னாடியே ஏறிப் போயிடுதுங்க," என்றார் டீச்சர். "ஆஃப் பண்ணிடு."

"ஆஃப் பண்ணா ஆபீஸ் வேலை நின்னுபோகும் டீச்சர்."

"நிக்கட்டும்."

அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மதுரைக்காரரைக் கூப்பிட்டேன். "கடையில ராவும் பகலும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் மேடம் மாட்டுனேன். சின்னச் சத்தம்கூட வரல," என்று சத்தியம் செய்தார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. கருவியிடம் விசிறி வேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது. மதுரை வெயிலில் இந்த விசிறிகள் ஓய்வில்லாமல் சுற்றியிருக்கும். கொடைக்கானல் குளிரில் அவற்றுக்கு என்ன வேலை? சோம்பலாகச் சுற்றின. ஒரு அளவுக்குக் கீழே வேகம் குறைந்தால் விசிறி செத்துவிட்டது என்பது கருவியின் கணக்கு. உடனே பதறி எல்லா விசிறிகளையும் முழுவேகத்தில் விரட்டும். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிடும். அவை மறுபடியும் சோம்பும், இது மறுபடியும் பதறும். இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனை, மூச்சு நின்றுவிட்டதென்று உலுக்கி எழுப்பும் சொந்தக்காரர்கள் மாதிரி.

அந்த அளவைக் கீழே இறக்கினால் போதும். ஆனால் அது ஒரு எண் இல்லை, மூன்று எண்கள்: கவனி, ஆபத்து, இனித் தேறாது. ஒவ்வொரு விசிறிக்கும் மூன்றையும் தட்ட வேண்டும். டீச்சரை மறுபடியும் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டத் தொடங்கினேன்.

"குறையலையே."

"ஒண்ணு பாக்கி இருந்தாலும் கத்தும் டீச்சர். பொறுங்க."

கடைசி விசிறிக்கும் தட்டினேன். ஊளை பாதி ஏறி, இறங்கி, அப்படியே அடங்கியது.

டீச்சர் ரகசியமாகக் கேட்டார். "செத்துப்போச்சா?"

"இல்ல டீச்சர். சூடும் சரியா இருக்கு, வேகமும் சரியா இருக்கு. நீங்க பாடுங்க."

பியானோ தொடங்கியது. பிள்ளைகள் பாடினார்கள். சில வரிகளிலேயே பியானோ நின்றது.

"ஏம்மா."

"சொல்லுங்க டீச்சர்."

"இவ்ளோ நாளா உன் மெஷின்தான் சுருதியக் கெடுக்குதுன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "பின் வரிசை மொத்தமும் தப்பாப் பாடுது."

நான் சிரிக்கவில்லை. கணவர்தான் ரசம் புரையேறி இருமினார்.

"பேரண்ட்ஸ் வர்ற அன்னைக்கு மட்டும் அதக் கொஞ்சம் சத்தமா வைக்க முடியுமா?"

முடியும். ஒரே ஒரு வரி. "முடியும் டீச்சர். ஆனா வைக்க மாட்டேன்," என்றேன். போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு சாயங்காலம்தோறும் பின் வரிசையைத் தனியாக நிறுத்திப் பாடவைத்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பாடினார்கள். பின் வரிசையில் முன்பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை மட்டும், மற்ற எல்லாரையும் முந்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக, அத்தனை சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் கடைசிவரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.