பழைய வண்டிக்கு ஒரு செத்தவீடு

அம்மா அழவில்லை. அதுதான் அந்த நாட்களில் அப்பாவுக்குப் பெரிய தலையிடி.

ஊரில் அம்மாவின் ஐயா, என் அம்மப்பா, இறந்த செய்தி லண்டன் சுற்றி ஹம்பேர்க்குக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குகூட முடிந்துவிட்டது. தொலைபேசியை வைத்த அம்மா நேரே போய் உலையில் அரிசியைப் போட்டார். அதற்குப் பிறகு ஒழுங்கான சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. அகதிகள் விடுதியின் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"ஒரு செத்தவீட்டிலை இருந்து வாய்விட்டு அழுதிருந்தா, மனுசி இப்பிடி ஆகியிராது" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அப்பா சொன்னார். ஊருக்குப் போனால் அகதி வழக்கும் போய்விடும், திரும்பி வரவும் ஏலாது. செத்தவீட்டுக்கு அப்பா எங்கே போவார்?

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சுரங்க ரயில் நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். பழைய வகை வண்டிகளை நிறுத்தப் போகிறார்கள். வருகிற சனிக்கிழமை கடைசி வண்டிக்கு மலர்வளையம் கட்டி வழியனுப்புவார்கள்.

அந்த வண்டிகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். போரில் இடிந்த நகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த காலத்தில் செய்தவை. சரியான பாரம். அவை வருவதற்கு முன்பே காலடியில் நிலம் அதிரும். பிறகு வந்த வெள்ளி நிற வண்டிகள் லேசானவை, சுறுசுறுப்பானவை. பழையவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டி, கடைசியில் காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிற கூட்டத்தை ஏற்றி இறக்க மட்டும் வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி கிடைக்காத அப்பாவுக்கு அந்த வண்டிகள் மேல் தனிப் பிரியம்.

அறிவித்தலைக் கேட்ட அப்பா கொஞ்ச நேரம் நாடியைச் சொறிந்தார். அறைக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். என்னைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது கைகாட்டுவாரே ஒரு வெள்ளை மீசை ரயில் சாரதி, அவர் செத்துப்போனாராம். சனிக்கிழமை நிலையத்தில் அஞ்சலியாம்.

"தெரிஞ்ச மனுசன். முகம் காட்டாமல் விட்டால் சரியில்லை. நீரும் வாரும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்மா வெள்ளைச் சேலை கட்டி, மேலே குளிர்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ரயில் மேடையில் நல்ல கூட்டம். வண்டியின் முகத்தில் மலர்வளையம், கறுப்பு நாடா. அப்பா திருப்தியோடு தலையை ஆட்டினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு அம்மாவின் சேலையைப் படம் எடுத்தார்கள்.

அப்போது சாரதியின் கதவு திறந்தது. வெள்ளை மீசைக்காரர் முழு உயிரோடு இறங்கி வந்தார்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. மனிதரோ எங்களை அடையாளம் கண்டு நேரே வந்து, அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"அவரின்ரை தம்பியாராக்கும்" என்றார் அப்பா, ஈனக் குரலில்.

"ஓம். அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு" என்றார் அம்மா.

சாரதி வண்டியைக் காட்டிக் கண்கலங்கப் பேசினார். அம்மா என்னிடம், "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

"முப்பது வருசம் ஓடினதாம். ஒருநாளும் தன்னைக் கைவிடேல்லையாம்."

"எங்கடை ஐயாவும் ஒருத்தரையும் கைவிடேல்லை" என்றார் அம்மா. சொல்லி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையைக் கேட்டு ஒரு ஜெர்மன்காரி கைக்குட்டை நீட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

சாரதி ஏறிக்கொள்ள, வண்டி நீளமாக ஊதிவிட்டுப் புறப்பட்டது. சரி, அலுவல் முடிந்தது, இனி அப்பாவுக்குச் சந்தோசம் என்று நினைத்துத் திரும்பினேன். அப்பா "மாமா" என்று ஒரு சத்தம் வைத்து வாங்குப் பலகையில் குந்திவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா தன் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இறந்தவர் அம்மாவுக்குத்தானே தகப்பன், இவர் ஏன் இந்தப் பாடு படுகிறார் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தகப்பனில்லாத அப்பாவை எடுத்து வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாமன் அவர் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

விடுதிக்கு வந்ததும் அம்மா எங்களை அறைக்குள் விடவில்லை. செத்தவீட்டுக்குப் போனால் முழுகிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அப்பா துவாயை எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போனார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அங்கை ஒருத்தரும் சாகேல்லை. அது றெயினுக்கு."

"தெரியும். ஆர் செத்ததெண்டும் எனக்குத் தெரியும். நீ போய் முழுகு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. மனுசன் இண்டைக்குத்தான் அழுதிருக்கு."

குளியலறை வாசலில் அப்பா ஈரத் தலையோடு வந்தார். நடையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, என்ன?"

அவருக்கும் ஓம் என்றேன். இதில் ஏமாந்தது யார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.